கலர் சாரும் ரெண்டு ஓட்டைக் குடையும்

புருஷன் தோத்துப்போன கதைன்னு சொன்னதும் சில பேர் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டாச்சு. தெரியும் எனக்கு. பொண்டாட்டி கத்துவா, பாத்திரம் பறக்கும், மனுஷன் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவான். அதைத்தானே எதிர்பாக்கறீங்க? நாற்காலியைப் பின்னாடி தள்ளுங்க. இந்த வீட்டுல பாத்திரம் பறக்காது. அந்த அம்மா இதுவரைக்கும் குரலை உசத்திப் பேசினதே இல்ல. எதுக்கும் "சரிங்க"ன்னு ஒரே வார்த்தைதான். விவரம் தெரிஞ்சவங்க அந்த "சரிங்க"வைக் கேட்டா செருப்பை மாட்டிக்கிட்டு நைசாக் கிளம்பிடுவாங்க. நம்ம கலர் சாருக்குத்தான் அந்த விவரம் இன்னும் வந்து சேரல.

கலர் சார்னா பெயின்ட் கடையில நிறம் தேர்ந்தெடுத்துக் குடுக்கறவர். புது வீடு கட்டறவங்க, பழைய வீட்டை மறைக்கறவங்க எல்லாரும் அவரைத் தேடித்தான் வருவாங்க. ஏன்னா மத்த கடையில "இது இளம்பச்சை, இது செங்கல் கலர்"னு சொல்லுவான். கலர் சார் வாயில நிறத்தோட பேரே வராது. கலர் அட்டையைத் தள்ளிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடி, மூச்சை உள்ள இழுத்து, "இது நிறம் இல்லீங்க. இது நிம்மதி"ம்பார்.

"அப்ப சாப்பிடற ரூமுக்கும் இதையே அடிச்சுடலாமா சார்?"

"அங்க நிம்மதி கூடாது. நிம்மதியா இருந்தா சாப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அங்க சுறுசுறுப்பு."

"படுக்கையறை?"

"விட்டுக்கொடுத்தல். இந்தாங்க."

வந்தவங்க அப்படியே உருகிடுவாங்க. அட்டைக்குப் பின்னாடி இருக்கிற நம்பரைப் படிச்சுச் சொன்னா, கலக்கற மெஷின்ல நிக்கற ஆள் டப்பாவைக் குலுக்கிக் குடுத்துடுவார். அந்த ஆளுக்குக் கடையில பேரே குலுக்கல்தான். வருஷக்கணக்கா டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி, சும்மா நின்னாலும் கை ஆடும். மனசுல ஒண்ணும் வெச்சுக்கத் தெரியாத மனுஷன். மூடி போடாத டப்பா மாதிரி. சாய்ச்சா கொட்டிடும்.

இப்ப காதைக் கிட்ட கொண்டு வாங்க. ரகசியம். கலர் சார் ஏன் நிறத்தோட பேரைச் சொல்ல மாட்டார்னா, அவருக்குத் தெரியாது. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ரெட்டைப் பிள்ளைங்க. எது மூத்தது, எது இளையதுன்னு பிரிக்க வராது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அட்டைக்குப் பின்னாடி நம்பர் இருக்கிற வரைக்கும் கடையில பயமில்ல. வீட்டுலயும் பயமில்லன்னு நினைச்சுக்கிட்டிருந்தார். அலமாரியைத் திறந்தா ஒவ்வொரு சட்டைக்குப் பக்கத்துலயும் அதுக்குப் பொருந்தற பேண்ட் தானாவே தொங்கும். ரொம்ப நல்ல அலமாரின்னு நாலு பேர்கிட்ட சொல்லவும் செஞ்சிருக்கார்.

விஷயத்துக்கு வரேன். அவங்க வீட்டு முன்னறையில, ஜன்னலை ஒட்டி ஒரு சாய்வு நாற்காலி. அது கலர் சாரோடது. சாயங்காலம் கடையிலேருந்து வந்து அதுல சாஞ்சு, காலை ஜன்னல் கட்டையில வெச்சு, தெருவுல போறவங்களையெல்லாம் மனசுக்குள்ளயே திட்டுவார். அதுல ஒரு சுகம். அதுக்குத்தான் இப்ப ஆபத்து.

"என்னங்க, அப்பாவுக்கு முழங்கால் முடியல. மூணாவது மாடி ஏற முடியலையாம். ஞாயித்துக்கிழமை இங்க வந்துடறார்."

"வரட்டுமே. எத்தனை நாளைக்கு?"

"இனிமே இங்கதான்."

கலர் சாருக்கு ஜன்னல் கட்டையிலேருந்து கால் வழுக்கிடுச்சு.

"முன்னறையை அவருக்குக் குடுத்துடலாம். காத்து வரும், வெளிச்சம் வரும். உங்க நாற்காலியைப் பின்னறையில போட்டுக்கலாம்."

பின்னறைன்னா இஸ்திரி மேசை, உடைஞ்ச ஃபேன், பழைய மெத்தை. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாய்.

"முடியாது" அப்படின்னார். கல்யாணமாகி முதல் தடவையா அந்த வார்த்தையைச் சொன்னார். அவருக்கே அது பிடிச்சுப்போய் இன்னொரு தடவை சொல்லிப் பாத்தார். "முடியவே முடியாது. பூமி பிளந்தாலும் இந்த நாற்காலி நகராது."

"சரிங்க."

பாத்தீங்களா. நாமளா இருந்தா அப்பவே செருப்பு.

மறுநாள் மகள் ஸ்கூல்லேருந்து ஒரு வரைபடத்தோட வந்தா. காடு இருக்கிற இடத்துக்கெல்லாம் பச்சை அடின்னு டீச்சர் சொன்னதுக்கு, காட்டையெல்லாம் செங்கல் சூளை மாதிரி அடிச்சு வெச்சிருக்கா. கண்ணைக் காட்டச் சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மாவும் மகளும் தெருமுனைக் கண்ணாடிக்கடைக்குப் போய்ட்டு வந்தாங்க. அங்க கண்ணாடிக்காரர்கிட்ட ஒரு புஸ்தகம் இருக்கு. பக்கத்துக்குப் பக்கம் கலர் கலராப் புள்ளி, புள்ளிக்குள்ள ஒளிஞ்சு ஒரு நம்பர். அதைப் படிக்கச் சொல்லி சோதிப்பார்.

"என்ன சொன்னார்?"

"சிவப்பு பச்சை பிரிக்கத் தெரியலையாம். பொறப்புலயே வந்ததாம். பயப்பட ஒண்ணும் இல்லையாம். பரம்பரையா வர்றதுன்னார்."

"எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லப்பா" அப்படின்னா மகள். "டீச்சருக்குத்தான் கஷ்டமா இருந்தது."

பரம்பரைங்கற வார்த்தை காதுல விழுந்ததும் கலர் சாருக்கு உள்ளுக்குள்ள ஒரு பல்பு எரிஞ்சது. எழுந்து நின்னார்.

"யாரோட பரம்பரை? சொல்லு பாப்போம். கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போக வாசல்ல சிவப்புக் கார் நிக்குது, அதுல ஏறுங்கன்னு சொன்னா, பக்கத்துல நின்ன பச்சைக் கார்ல ஏறி, வேற யாரோ கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில உக்காந்தது யாரு? உங்க அப்பா."

"ஆமா."

"ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன். அன்னைக்கு அவர் பக்கத்துல மாலையும் கழுத்துமா நீங்களும்தானே உக்காந்திருந்தீங்க?"

"பெரியவர் ஏறினா மரியாதைக்கு நானும் ஏற வேண்டாமா?"

"வேணும். மரியாதை முக்கியம்."

"அப்ப கேட்டுக்கோ. இந்தக் கோளாறு உங்க வீட்டுச் சீதனம். சீதனம் குடுத்தவருக்கு எதுக்கு முன்னறை? என் பக்கத்துலேருந்து வந்ததுன்னு யாராவது நிரூபிக்கட்டும், நானே என் தலையில நாற்காலியைத் தூக்கிக்கிட்டுப் பின்னறைக்குப் போறேன். வாயைத் திறக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

"சரிங்க."

பொண்டாட்டியைக் கையோட கூட்டிக்கிட்டுக் கண்ணாடிக்கடைக்குக் கிளம்பிட்டார். எதையும் சூட்டோட சூடா அடிக்கணும், ஆறினா மாமனார் வந்துடுவார். கண்ணாடிக்காரர் லென்ஸைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

"சார், ஒரே கேள்வி. என் பொண்ணுக்கு வந்தது அவ அம்மா பக்கத்துலேருந்துதானே?"

"ஆமா சார்."

கலர் சார் பொண்டாட்டியைத் திரும்பிப் பாத்தார். அந்த அம்மா தலையை ஆட்டினாங்க. கடைக்கு வெளியில ஒரு நாய் போச்சு, அதையும் பாத்தார். எல்லாருக்கும் தெரியட்டும்னு.

"அது பாதி சார்" அப்படின்னார் கண்ணாடிக்காரர்.

"எது பாதி?"

"எளிமையாச் சொல்றேன். இந்த விஷயத்துல ஒரு பொண்ணு பொறக்கும்போது கையில ரெண்டு குடையோட பொறக்கறா. அம்மா ஒண்ணு குடுப்பாங்க, அப்பா ஒண்ணு குடுப்பார். ஒரு குடை ஓட்டையா இருந்தாலும் பரவாயில்ல, நல்ல குடையைப் பிடிச்சுக்கிட்டு நனையாம போயிடுவா. உங்க வீட்டம்மா அப்படித்தான். அவங்க அப்பா குடுத்தது ஓட்டை, அம்மா குடுத்தது நல்லது. அதனால அவங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனா அந்த ஓட்டைக் குடையும் கையிலயே இருக்கு பாருங்க. அதைத் தூக்கிப் பொண்ணுகிட்ட குடுத்துட்டாங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன். முடிஞ்சுது."

"முடியல சார். உங்க பொண்ணு நனையறா. ஒரு குடை ஓட்டையா இருந்தா நனைய மாட்டா. ரெண்டும் ஓட்டையா இருந்தாத்தான் நனைவா. ஒண்ணு அம்மா குடுத்தது. இன்னொண்ணு?"

கலர் சார் அண்ணாந்து கடை ஃபேனைப் பாத்தார்.

"ஆம்பளைங்களுக்கு இதுல ஒரே குடை சார். அம்மா குடுக்கறது. அது ஓட்டைன்னா ஓட்டைதான், மாத்துக் குடை கிடையாது. பொண்ணு பொறந்தா அப்பா அந்த ஒரே குடையை அப்படியே குடுத்துடுவார். அப்ப பொண்ணு கையில வந்தது ஓட்டைன்னா அப்பாவும்..." கண்ணாடிக்காரர் மரியாதைக்கு அதோட நிறுத்திக்கிட்டார்.

"ஏன், என் குடை நல்ல குடையா இருந்து, குடுக்கற வழியில ஓட்டை விழக் கூடாதா?"

"ரொம்ப ரொம்ப அபூர்வமா நடக்கலாம்."

"நான் அபூர்வமான ஆள்னுதான் கடையில எல்லாரும் சொல்றாங்க."

அப்பத்தான் அந்த அம்மா மெதுவா வாயைத் திறந்தாங்க. "எதுக்கு வாக்குவாதம்? ஞாயித்துக்கிழமை அப்பா வந்துடுவார். அண்ணன், நீங்களும் வீட்டுக்கு வாங்க. எல்லார் முன்னாடியும் இவர் அந்தப் புஸ்தகத்தைப் படிச்சுக் காட்டிடட்டும். சரியாப் படிச்சுட்டா இவர் கண்ணு நல்ல கண்ணு, முன்னறை இவருக்கு. அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

"படிக்கலன்னா?" அப்படின்னார் கண்ணாடிக்காரர்.

"படிப்பார். நிறத்துலயே பொழைக்கிறவர் இல்லையா?" சொல்லிட்டு, "அதுவரைக்கும் புஸ்தகத்தை நான் கொண்டுபோகட்டுமா அண்ணன்? பொண்ணு தோழிங்ககிட்ட காட்டணும்ங்கறா"ன்னு கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜ் மேல, கைக்கு எட்டற மாதிரி, பளிச்சுன்னு வெச்சாங்க. வெச்சுட்டு அந்தப் பக்கமே திரும்பிப் பாக்கல.

கலர் சார் விடற ஆளா? மறுநாள் சாப்பாட்டுப் பையில சாப்பாடு இல்ல, புஸ்தகம் இருந்தது. மத்தியானம் கடையில ஆள் இல்லாத நேரம் பாத்துக் குலுக்கலை டப்பாக்களுக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போனார்.

"குலுக்கல், இந்தப் பக்கத்துல என்ன நம்பர் தெரியுது?"

"பன்னெண்டு சார். ஏன் சார், உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது. உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன். ஊழியர் நலன். மேல சொல்லு."

குலுக்கல் சொல்லிக்கிட்டே போனார். எட்டு, இருபத்தொம்பது, அஞ்சு, மூணு. கலர் சார் கண்ணுக்கு எல்லாம் ஒரே புழுதி. சிந்தின தானியம் மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கிட்டு மனப்பாடம் பண்ணினார். கடைசிக்கு முந்தின பக்கம் வந்ததும் குலுக்கல் புஸ்தகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். கை ஆட ஆட புஸ்தகமும் ஆடிச்சு.

"இதுல ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லையா?"

"நம்பரே இல்ல. வெறும் புள்ளி. அடுத்ததுக்குப் போவோமா?"

கலர் சார் எட்டிப் பாத்தார். எழுபத்திமூணு. நடுவுல, தெள்ளத் தெளிவா, சுவர்ல எழுதி ஒட்டின மாதிரி நிக்குது. அவருக்கு வந்த சந்தோஷத்துல குலுக்கலைக் கட்டிப் பிடிக்கலாம்னு தோணுச்சு. அடப் பாவி, உனக்கே இது தெரியல, எனக்குத் தெரியுதே. ஒரு பக்கமாவது நம்ம சொந்தக் கண்ணால படிக்கப் போறோமே. இதை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே இல்ல.

"பாவம், உனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வா. கண்ணாடிக்காரர் வரார், காட்டிக்கலாம். எனக்கு ஒரு சாட்சியும் ஆச்சு" அப்படின்னார்.

அன்னைலேருந்து வீட்டுல ஒரே பாராயணம். குளிக்கும்போது "பன்னெண்டு, எட்டு, இருபத்தொம்பது." சட்டை போடும்போது "அஞ்சு, மூணு, பதினஞ்சு." தூக்கத்துல "ஆறு, நாப்பத்தஞ்சு."

"என்னங்க அது?"

"புதுப் போன் நம்பர்."

"ரொம்ப நீளமா இருக்கே."

"வெளிநாடு."

"சரிங்க."

ஞாயித்துக்கிழமை மாமனார் வந்து இறங்கினார். ஒரு பெட்டி, ஒரு தலகாணி, ஒரு கைத்தடி. நல்ல மனுஷர்தான். ஆனா கல்யாணமான நாள்லேருந்து மாப்பிள்ளை சொன்ன எதையும் அவர் ஆமான்னு சொன்னது கிடையாது. இன்னைக்கு வெயில்னா, "அப்படி ஒண்ணும் தெரியலையே"ம்பார். மழைன்னா, "தூறல்"ம்பார். பெட்டியை முன்னறை வாசல்லயே வெச்சுட்டு, அதுமேலயே உக்காந்துக்கிட்டார். ஜெயிச்சா முன்னறை, தோத்தா பின்னறை. மகள் தாத்தா தோள்ல சாஞ்சுக்கிட்டா. குலுக்கல் கதவோரமா ஆடிக்கிட்டு நின்னார். கலர் சார் நாற்காலியில உக்காந்து ரெண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார், விமானம் கிளம்பற மாதிரி.

கண்ணாடிக்காரர் புஸ்தகத்தை நடுவுல திறந்தார்.

"நிறுத்துங்க" அப்படின்னார் கலர் சார். "எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும். முதல் பக்கத்துலேருந்து வாங்க."

கண்ணாடிக்காரர் அந்த அம்மாவைப் பாத்தார். "முதல்லேருந்தே போகட்டுமே அண்ணன்" அப்படின்னாங்க. அவ்வளவு அன்பா.

"பன்னெண்டு. எட்டு. இருபத்தொம்பது."

"சார், நான் இன்னும் முதல் பக்கமே திருப்பல."

"ஓ. மெதுவான ஆளு போல நீங்க. திருப்புங்க."

அதுக்கப்புறம் மனுஷன் பறந்தார். பக்கம் திரும்பத் திரும்ப பதில். கண்ணாடிக்காரருக்கு விரல் வலிச்சது. மகள் வாயைப் பொளந்து அப்பாவைப் பாத்தா. அந்த அம்மா டீ டம்ளரை ஒவ்வொருத்தருக்காக் குடுத்துக்கிட்டிருந்தாங்க, ஏதோ பக்கத்து வீட்டு விசேஷம் மாதிரி. மாமனார் பெட்டிமேல உக்காந்தபடியே கைத்தடியைக் கையில எடுத்துக்கிட்டார். பின்னறைக்கு நடக்கணுமேன்னு.

அந்தப் பக்கம் வந்தது.

கலர் சார் இங்க மட்டும் அவசரப்படல. சொந்தச் சம்பாத்தியம் இல்லையா? நிதானமா முன்னாடி சாஞ்சு, புள்ளிகளை ரசிச்சுப் பாத்து, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "எழுபத்திமூணு" அப்படின்னார். பாக்கிப் பக்கத்துல எல்லாம் பொய் சொன்னவர், இந்த ஒரு பக்கத்துலதான் உண்மையைச் சொன்னார்.

கண்ணாடிக்காரர் புஸ்தகத்தை மூடல. "நல்லாப் பாருங்க சார். நம்பர் தெரியுதா?"

"இதென்ன கேள்வி? குருடனுக்கும் தெரியும்."

மாமனார் பெட்டிமேலேருந்து கழுத்தை நீட்டினார். "மாப்பிள்ளை சொல்றது சரிதான். எழுபத்திமூணுதான் அது."

கலர் சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. முதல் தடவையா மாமனார் ஆமான்னு சொல்லிட்டார்.

"எனக்கும் தெரியுது தாத்தா" அப்படின்னா மகள், துள்ளிக்கிட்டு. "கடையில காட்டினப்பவும் இது ஒண்ணுதான் எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சது."

"பாத்தியா?" அப்படின்னார் கலர் சார் பொண்டாட்டிகிட்ட. "மூணு தலைமுறை சாட்சி. இனிமே என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. வெறும் புள்ளிதான் இருக்கு."

"அப்ப உன் கண்ணைத்தான் காட்டணும்."

கண்ணாடிக்காரர் டீயைக் கீழ வெச்சார். "சார், இது ஒரு தந்திரமான பக்கம். நல்ல கண்ணுக்கு இதுல எதுவுமே தெரியாது. சிவப்பு பச்சை பிரிக்க முடியாத கண்ணுக்கு மட்டும்தான் நம்பர் தெரியற மாதிரி அச்சடிச்சிருக்காங்க. பொண்ணைக் காட்டின அன்னைக்கே உங்க வீட்டம்மாகிட்ட விளக்கமாச் சொன்னேனே."

கலர் சார் பொண்டாட்டியைப் பாத்தார். அந்த அம்மா ஏற்கெனவே இஸ்திரி மேசையை ஓரமாத் தள்ள ஆள் தேடற மாதிரி பின்னறையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

ஆனா நம்ம ஆள் சொன்ன வார்த்தையைவிட உக்காந்த நாற்காலி பெருசுன்னு நினைக்கறவர். கைப்பிடியை விடல.

"அச்சடிச்சவன் ஆயிரம் சொல்லுவான். கண்ணுல ஒரு குறையும் இல்லாத ஆள், நாள் முழுக்கப் பெயின்ட்டோட பொழங்கற ஆள், இதோ நிக்கறார். அவர் சொல்லட்டும். அவர் சொன்னா நான் ஒத்துக்கறேன். குலுக்கல், நீ இப்படி முன்னாடி வா. யாருக்கும் பயப்படாத. இதுல என்ன நம்பர் இருக்கு, உள்ளதைச் சொல்லு."

குலுக்கல் முன்னாடி வந்தார். புஸ்தகத்தைப் பாத்தார். கலர் சாரைப் பாத்தார்.

"இதுல நம்பரே இல்லன்னு அன்னைக்குக் கடையில உங்களுக்கு எல்லாப் பக்கமும் படிச்சுச் சொல்லும்போதே சொன்னேனே சார்."